நாதத்தின் இரு கணக்குகள்

வன்னியில் எஞ்சியிருக்கும் கூத்து ஒலிநாடாக்கள் கணினிக் கோப்புகளாக மாறிவரும் வேளையில், ஒலிமாற்றும் செயலி கேட்கும் இரண்டு எண்களின் பொருள் என்ன?

நந்திக்கடலின் கரையோரத்தில் கோயில் கொண்டிருக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு ஆண்டுதோறும் வைகாசி மாதத்தில் நிகழும் பொங்கல், வன்னி மக்களின் வாழ்வில் மற்றெல்லா விழாக்களுக்கும் நடுநாயகமாக விளங்குவது. பாக்குத்தெண்டலில் தொடங்கி, கடலிலே தீர்த்தமெடுத்து, அந்த உப்புநீரையே வார்த்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கெரித்து, பின்னர் பண்டமெடுத்து வற்றாப்பளைக்கு வந்து, திங்கட்கிழமை இரவெல்லாம் கண்விழித்துப் பொங்கி நிறைவுறும் இவ்விழாவுக்குச் சென்று வந்தோர் பலரும் உப்புநீரில் எரியும் விளக்கைக் குறித்தே வியந்து பேசுவர். ஆயினும், பறையின் முழக்கமும், காவடியாடுவோர் காற்சதங்கையின் ஒலியும், கண்ணகி கதையைப் பாடும் முதியவரின் தழுதழுத்த தனிக்குரலும் ஒன்றன்மேலொன்றாக எழுந்து அடங்கும் அவ்விரவு, கண்ணைக் காட்டிலும் செவிக்கே பெருவிருந்து என்பதைக் கேட்டவர் அறிவர்.

அயலூராகிய முள்ளியவளையில் வழிவழியாக ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தும் இக்கண்ணகி வழிபாட்டோடு தொடர்புடையதே. முல்லைமோடி என்று தனிப்பெயர் பெற்ற அக்கூத்தில் அண்ணாவியார் மத்தளம் தட்டித் தொடங்கிவைக்கும் மெட்டும், அதன் இழுப்பும் குழைவும், ஆட்டத்துக்கேற்ப மாறும் தாளக்கட்டும் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டவையல்ல. சிலப்பதிகாரத்தின் சொற்கள் பனையோலையில் இருந்தமையால் உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கி 1892இல் அதனை அச்சேற்றுதல் சாத்தியமாயிற்று. கூத்தின் மெட்டுக்கோ ஆசானின் தொண்டையும் மாணாக்கனின் காதுமே நெடுங்காலம் ஏடாக இருந்தன. அந்நிலையை மாற்றியது ஒலிப்பதிவுக் கருவி. 1907–1908 ஆண்டுகளில் செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடரிடையே ஆய்வு நடத்தியபோது மெழுகுருளைகளிற் பதிந்த பாடல்களை வைத்து, 1911இல் வெளிவந்த அவர்களது நூலுக்குச் சார்ள்ஸ் மையேர்ஸ் இசைபற்றிய அத்தியாயம் ஒன்றை எழுத முடிந்தது. பாடியவர் மறைந்த பின்னும் பாட்டை ஆராயலாம் என்ற நிலை அன்றே நம் தீவில் உண்டாகிவிட்டது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசெற் என்னும் சிறு நாடாப்பெட்டி, இவ்வசதியைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திச் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியும் பாட்டும் கேட்ட வன்னி மக்களுக்கு, ஒலிநாடா வெறும் பொழுதுபோக்குச் சாதனமாக இருந்ததில்லை. அவ்வாறு பேணப்பட்ட நாடாக்களுட் பெரும்பகுதி 2008, 2009 ஆண்டுகளின் இடப்பெயர்வில் வீடுகளோடும் பெட்டிகளோடும் அழிந்தொழிந்தது. எஞ்சியவை சில அலுமாரிகளின் அடித்தட்டிலும், முன்னரே புலம்பெயர்ந்த உறவினரின் இல்லங்களிலும் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றிவிட வேண்டும் என்னும் ஆர்வம் இன்றைய இளைஞரிடையே மிகுந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், ஒலிமாற்றும் செயலியைத் திறந்ததும் அது சாம்பிள் ரேட், பிட் ரேட் என்று இரண்டு எண்களைக் கேட்கிறது. பலரும் அங்கே ஏற்கெனவே தெரிவாகியிருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துகின்றனர். எவ்வளவு ஒலி எஞ்ச வேண்டும் என்ற தீர்மானம் அந்தக் கணத்திலேதான் எடுக்கப்படுகிறது என்பதை அவர்கள் உணர்வதில்லை.

எத்தனை முறை அளப்பது?

ஒலியென்பது காற்றின் அழுத்தம் இடையறாது ஏறியிறங்கும் இயக்கம். ஒலிநாடா அவ்வேற்ற இறக்கத்தைக் காந்தத்தின் வலுவாக இடையறாமலே தாங்கிக்கொள்கிறது. கணினியோ எண்களையன்றி வேறெதனையும் அறியாதது. ஆகையால், அது சீரான கால இடைவெளிகளில் அவ்வழுத்தத்தை அளந்து, அளந்த பெறுமானங்களை வரிசையாக எழுதிவைக்கிறது. ஒரு செக்கனில் இவ்வாறு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதே சாம்பிள் ரேட் எனப்படும் மாதிரி வீதம். இறுவட்டுக்கு அது 44,100; அதாவது 44.1 கிலோஹேர்ட்ஸ். காணொளிக்கு வழக்கமாக 48,000. பழைய தொலைபேசி முறைக்கு 8,000.

இரண்டு அளவைகளுக்கு இடையிலே நிகழ்ந்ததெல்லாம் தொலைந்துபோகாதா என்ற ஐயம் எவர்க்கும் எழுவது இயல்பே. அமெரிக்கத் தொலைபேசித் துறையில் ஆராய்ச்சி செய்த ஹரி நைகுவிஸ்ட் 1928இல் அடியிட்டு, கிளாட் ஷனன் 1949இல் நிறுவிக்காட்டிய தேற்றம் இவ்வையத்தை அடியோடு நீக்குகிறது. ஓர் ஒலியில் அடங்கிய மிகவுயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் அதனை அளந்தால், இடைப்பட்ட வளைவு முழுவதையும் அவ்வளவைகளிலிருந்தே பிழையின்றி மீட்கலாம் என்பது அத்தேற்றத்தின் சாரம். ஆகவே, மாதிரி வீதத்தை உயர்த்துவதால் ஒலி வழுவழுப்பாகிறது என்னும் பரவலான அபிப்பிராயம் தவறானது. அவ்வீதம் நிர்ணயிப்பது ஒலிக்கோப்பு கொள்ளக்கூடிய அதிர்வெண்ணின் மேலெல்லையை மட்டுமே. மனிதச் செவி கேட்கவல்ல உச்சம் ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். 44,100இன் பாதி 22,050 ஆதலால், கேட்கத்தக்கது அனைத்தும் அதனுள் அடங்கிவிடும். தொலைபேசியின் 8,000இலோ பாதி 4,000தான். பேச்சின் பொருள் அதில் விளங்கும், சதங்கையின் ஒலியில் உயிராயுள்ள மேற்பகுதி விளங்காது.

அளக்கும் வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகளை முன்கூட்டியே வடித்து நீக்காவிடின், அவை மறைந்தொழியாமல் தாழ்ந்த அதிர்வுகளாக மடிந்து, மூலத்தில் இல்லாத பொய்யொலிகளாகத் தோன்றும் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். உயர்ந்த வீதத்திலிருந்து தாழ்ந்த வீதத்துக்கு மாற்றுகையில், நல்ல செயலி இவ்வடிகட்டலைச் செம்மையாகச் செய்கிறது. தரங்குறைந்த செயலி செய்வதில்லை.

44,100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? எண்வடிவ ஒலிப்பதிவின் ஆரம்பகாலத்தில், அத்தனை தரவைத் தாங்கவல்ல மலிவான சாதனம் தொலைக்காட்சிப் படத்தைப் பதியும் வீடியோ நாடாவே. படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று மாதிரிகள் வீதம், செக்கனுக்கு 60 புலங்கள் காட்டும் அமெரிக்க முறையில் புலமொன்றுக்கு 245 கோடுகளையும், 50 புலங்கள் காட்டும் ஐரோப்பிய முறையில் 294 கோடுகளையும் பயன்படுத்தினால், இரண்டு பெருக்கலிலும் விடை 44,100 ஆகவே வருகிறது. இருவகை நாடுகளுக்கும் பொருந்திய அவ்வெண்ணையே பிலிப்ஸும் சோனியும் 1980இல் இறுவட்டின் நியமமாக ஏற்றன. திரைப்படத்தையும் காணொளியையும் சார்ந்த கருவிகள் 48,000ஐத் தமக்கு நியமமாக்கிக்கொண்டன. இவ்விரண்டுக்குமுள்ள விகிதம் 147க்கு 160 என்னும் இசைவில்லாத விகிதமாதலால், ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது செயலி மாதிரிகள் அனைத்தையும் புதிதாகக் கணித்தெழுத வேண்டியதாகிறது. காரணமின்றி அவ்வேலையை அதற்குக் கொடாதிருத்தலே நன்று.

எத்தனை நுட்பமாக எழுதுவது?

அளந்த ஒவ்வொரு பெறுமானத்தையும் எத்தனை பிட் கொண்டு எழுதுவது என்பது அடுத்த வினா. 16 பிட் எனில் 65,536 படிகள். 24 பிட் எனில் 16,777,216 படிகள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் இடையே 16 பிட்டில் ஏறத்தாழ 96 டெசிபெல் இடமும், 24 பிட்டில் கணக்களவில் 144 டெசிபெல் இடமும் உண்டு. கூத்தின் ஒலிநாடாவைப் படியெடுக்கும்போது, கண்ணகி தாழ்ந்த குரலிற் புலம்பும் பகுதியைக் கேட்டு ஒலியளவை உயர்த்தி வைத்தால், அடுத்து வரும் மத்தள முழக்கம் எல்லையை மீறிக் கரகரத்துப்போகும். 24 பிட்டிற் பதிபவர் முழக்கத்துக்கு ஏற்றவாறு அளவைத் தாழ்த்தி வைத்தாலும், புலம்பலின் நுட்பம் குன்றுவதில்லை.

மாதிரி வீதத்தையும் இப்பிட் எண்ணிக்கையையும் தடங்களின் எண்ணிக்கையோடு பெருக்கினால் வருவதே பிட் வீதம். அதாவது, ஒரு செக்கன் ஒலிக்காகச் செலவிடப்படும் தரவின் அளவு. இறுவட்டுக்கு 44,100 × 16 × 2 = 1,411,200 பிட்; ஏறத்தாழ 1,411 கிலோபிட். நிமிடமொன்றுக்கு இது 10.6 மெகாபைட் ஆகும். ஒலியைச் சுருக்காது வைக்கும் வேவ் கோப்பில் பிட் வீதத்தை நாம் தெரிவதில்லை. மற்ற மூன்று எண்களின் பெருக்கமாக அது தானே அமைகிறது. சுருக்கிவைக்கும் கோப்பிலேதான் அது நம் தெரிவுக்கு வருகிறது.

எதனை விட்டுவிடுவது?

ஜெர்மனியின் எர்லாங்கனில் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தாரும் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் முதலானோரும் உழைத்து உருவாக்கிய எம்.பி.3 முறை, 1995இல் தன் பெயரைப் பெற்று உலகெங்கும் பரவியது. வலிய ஓர் ஒலி கேட்கும்போது அதற்கு அண்மையான அதிர்வெண்ணில் எழும் மெல்லிய ஒலி செவிக்கு எட்டாது என்னும் உண்மையே அம்முறைக்கு ஆதாரம். செவிக்கு எட்டாதென்று தான் கருதும் பகுதிகளை அது குறைந்த நுட்பத்துடன் எழுதுகிறது. முற்றிலும் விட்டுவிடுவதும் உண்டு. 128 கிலோபிட்டில் எழுதினால், கோப்பு இறுவட்டின் பதினொன்றிலொரு பங்காகச் சுருங்கிவிடும். செவியும் பெரும்பாலும் குறைகாணாது. நிச்சயமாக இது வியந்து பாராட்டத்தக்க சாதனையே.

எனினும், எவ்வகை ஒலியை இம்முறை எளிதில் ஏமாற்ற இயலவில்லை என்று நோக்கினால், நம் கூத்து நாடாக்களில் உள்ளவையே முன்னிற்கின்றன. வாத்தியத் துணையின்றிப் பாடும் தனிக்குரலில் சிறு பிழையும் மறைவதற்கு இடமில்லை. சுசான் வேகா வாத்தியமின்றிப் பாடிய ‘டொம்ஸ் டைனர்’ பாட்டைத் தம் முறை தொடக்கத்தில் சிதைத்தது கண்டே, பிராண்டன்பேர்க் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். மத்தளத்தில் விழும் அடி இன்னொரு வகைத் தொல்லை. எம்.பி.3 ஒலியைச் சிறு துண்டுகளாகப் பகுத்தே கணிக்கிறது. திடீரென எழும் அடி ஒரு துண்டின் நடுவே விழுமாயின், சுருக்கத்தால் விளைந்த பிழை அத்துண்டு முழுவதிலும் பரவி, அடிக்கு முன்னரே மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். பிட் வீதம் குறையக் குறைய இவ்விரைச்சல் மிகும். சதங்கையும் தாளமும் எழுப்பும் உயர்ந்த அதிர்வுகளையோ, 128 கிலோபிட்டில் எழுதும் செயலிகள் பல 16,000 ஹேர்ட்ஸை ஒட்டி வெட்டிவிடுகின்றன. ஆக, கதையின் சொல் பிழைத்துவிடும். ஆட்டத்தின் தாளக்கட்டைக் கற்க விரும்பும் மாணாக்கனுக்கு வேண்டிய கூர்மையே முதலிற் போகிறது.

கூட்டுவதால் வருவதில்லை

இவ்விடத்தில் மக்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் ஒரு மயக்கத்தை விளக்குதல் அவசியம். பழைய கைத்தொலைபேசிகள் குரலை ஏ.எம்.ஆர். என்னும் முறையில், 8,000 மாதிரி வீதத்திலும் உயர்ந்தபட்சம் 12.2 கிலோபிட்டிலும் பதிந்தன. அத்தகைய கோப்பொன்றை 44,100, 320 கிலோபிட் எம்.பி.3 ஆக மாற்றினால், அது இருபத்தாறு மடங்கு பெருக்கிறது; அதன் பெயருக்குப் பக்கத்தில் உயர்தரத்துக்குரிய எண்களும் தோன்றுகின்றன. ஆனால், ஒரு புசல் நெல்லை இரண்டு புசல் கொள்ளும் சாக்கிற் கொட்டிக் கட்டினால் நெல் பெருகிவிடுவதில்லை. 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலே பதியப்படாத ஒலி எந்த மாற்றத்தாலும் வந்து சேராது. யூடியூபிலிருந்து இறக்கி 320 என்று பெயரிட்டுப் பரப்பப்படும் கோப்புகளின் நிலையும் இதுவே. அத்தளம் தன்னிடம் ஏற்றப்பட்ட ஒலியை முன்னரே சுருக்கிவிட்டது, பின்னர் இட்ட எண் வெறும் அலங்காரம்.

பெரிதாக்குவதில் பயனில்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை. சுருக்கியதை மறுபடியும் சுருக்குவதில் நஷ்டமும் உண்டு. எம்.பி.3 கோப்பைத் திறந்து, வேண்டாத பகுதியை வெட்டி, மீண்டும் எம்.பி.3 ஆகவே சேமிக்கும் ஒவ்வொரு முறையும் புதிய பிழை பழைய பிழையின்மேல் ஏறுகிறது. வெளிநாட்டிலுள்ள ஒருவர் கசெற்றை ஓடவிட்டுக் கைத்தொலைபேசியை அதன் அருகே பிடித்து வட்ஸ்அப் குரற்பதிவாக அனுப்ப, அதனை இங்குள்ளவர் எம்.பி.3 ஆக்கிக் காணொளியிற் சேர்க்க, அக்காணொளியைத் தளம் மறுபடியும் சுருக்க, இறுதியிற் கேட்பவர் காதுக்கு எட்டுவது நான்காம் தலைமுறைப் பிரதி. மாறாக, எம்மாற்றமும் செய்யாது ஒரு கோப்பை அப்படியே பிரதிசெய்தால், ஆயிரமாவது பிரதியும் முதலாவதோடு ஓர் எண்கூட வேறுபடாது. ஏடெழுதுவோன் கைப்பிழையால் தலைமுறைதோறும் பாடம் திரிந்துவந்த தமிழ்ச் சுவடி மரபுக்கு வாய்க்காத பாக்கியம் இது.

எதனைத் தெரிவது?

உலகெங்குமுள்ள ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமாகிய ஐ.ஏ.எஸ்.ஏ. வெளியிட்ட வழிகாட்டி, நாடா போன்ற மூலங்களைக் குறைந்தபட்சம் 48,000 மாதிரி வீதத்திலும் 24 பிட்டிலும், சுருக்காத வேவ் வடிவிற் பதியுமாறு சொல்கிறது. 96,000 விரும்பத்தக்கது என்கிறது. சாதாரண கசெற்றில் 15,000 ஹேர்ட்ஸுக்கு மேல் அதிகமாக ஒன்றும் இராதே, இத்தனை எதற்கு என்று கேட்கலாம். நாடாவின் இரைச்சலும் வெடிப்பும் திருத்தமாகப் பதிந்திருந்தால்தான், பின்னாளில் வரும் சிறந்த கருவி அவற்றை இனங்கண்டு நீக்க முடியும் என்பதே அதற்கு விடை. இக்காரணம்பற்றியே, படியெடுக்கும் வேளையில் இரைச்சல் நீக்கும் வசதியை இயக்காதிருத்தல் நலம். அச்சீரமைப்பை மூலக்கோப்பில் அன்றி அதன் பிரதியிலே செய்யலாம்.

இடத்துக்கும் பணத்துக்கும் எங்கே போவது என்னும் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லட்டும். சாதாரண வானொலிக் கசெற் கருவியிற் பதிந்த நாடா ஒற்றைத் தடமாயின், 48,000, 24 பிட்டில் மணித்தியாலத்துக்கு 518 மெகாபைட் பிடிக்கும். 90 நிமிடக் கசெற் ஒன்றுக்கு 778 மெகாபைட். கடைகளிற் சாதாரணமாகக் கிடைக்கும் 64 கிகாபைட் மெமரிக் கார்டில் எண்பது கசெற்றுகள் அடங்கிவிடும். 2001இல் வெளிவந்த ஃபிளாக் என்னும் முறையில் வைத்தால், ஓர் எண்ணும் இழக்காமலே கோப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆனபடியால், மூலக்கோப்பை எம்.பி.3 ஆக வைப்பதற்குச் சிக்கனத்தை இன்று காரணங் காட்ட இயலாது.

உறவினருக்கு அனுப்பவும் கைத்தொலைபேசியிற் கேட்கவும் மூலத்திலிருந்து சிறு பிரதிகளை எத்தனை வேண்டுமாயினும் எடுக்கலாம். தனிக்குரற் கதைக்கு ஒற்றைத் தடத்தில் 64 முதல் 96 கிலோபிட் வரை போதும். மத்தளமும் சதங்கையும் கலந்த கூத்துக்கு ஒற்றைத் தடத்தில் 128, இரட்டைத் தடத்தில் 192 அல்லது அதற்கு மேல் வைப்பது பொருந்தும். ஒற்றைத் தட நாடாவை இரட்டைத் தடமாக எழுதுவது, உள்ள பிட்டுகளை வீணே இரண்டாகப் பங்கிடுவதாகும். ஏ.எம்.ஆர். கோப்பாகவோ வட்ஸ்அப் குரற்பதிவாகவோ வந்து சேர்ந்தவற்றை, அவை எவ்வடிவில் வந்தனவோ அவ்வடிவிலேயே முதலிற் சேமித்துவைத்து, மாற்றத்தை ஒரு பிரதியிற் செய்ய வேண்டும்.

எண்களைச் சரியாகத் தெரிந்துவிட்டால் எல்லாம் நிறைவேறிவிடும் என்பதும் இல்லை. நாடா ஓடும் கருவியின் தலை அழுக்கேறியிருந்தாலோ அதன் சாய்வு நாடாவுக்குப் பொருந்தாமற் பிசகியிருந்தாலோ, உயர்ந்த அதிர்வுகள் கணினியை எட்டுமுன்னரே தொலைந்துவிடும். அதன்பின் 96,000 முறை அளந்தும் பயனில்லை. தலையைத் துடைத்து, சாய்வைத் திருத்தி, ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியை வையாது கம்பிவழியாக நேரே கணினிக்கு ஒலியைக் கொணர்தல் முதற்கிரமம். ஆடியவர் யார், அண்ணாவியார் யார், எந்தக் கோயில் முற்றம், எந்த ஆண்டு என்பவற்றை அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டெழுதிக் கோப்போடு சேர்த்தல் இரண்டாவது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தார், ஒலி, ஒளி ஆவணங்களுக்கென ஆவணகம் என்ற தளத்தையும் நடத்தி வருகின்றனர். அத்தகைய இடமொன்றில் ஒரு பிரதியும், வேறு ஊரிலுள்ள உறவினரிடம் ஒரு பிரதியும் இருக்கச்செய்தல் மூன்றாவது. ஒரே கூரையின் கீழ் வைத்த செல்வத்துக்கு என்ன நேரும் என்பதை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கோப்பு ஆகிவிட்டதென்று ஒலிநாடாவை எறிந்துவிடுவோரும் உளர், அது செய்யத்தக்கதன்று. இன்று நாம் வைத்திருக்கும் கருவியினும் நுட்பமான ஒன்று நாளை ஒருவரிடம் இருக்கக்கூடும், நாம் தெரிந்த எண்ணினும் மேலான ஒன்றை அவர் தெரியக்கூடும். அவர் மறுபடியும் அளந்து பார்ப்பதற்கு, வெப்பமும் ஈரமும் புகாத பெட்டியில் மூலநாடா இருந்தாக வேண்டும்.